அரப்பொடி

லஸ்க் தாண்டி வடக்கே, எண்பத்தைந்தாம் நெடுஞ்சாலையில்
ஒரு முனகல்கூட இல்லாமல் நின்றது வண்டி.
புகை இல்லை, வெடிச்சத்தம் இல்லை.
பேச்சின் நடுவே ஒருவர்
எழுந்து போய்விட்ட மாதிரி.

வயோமிங்கில் ஜனவரி.
பூஜ்யத்துக்குக் கீழே பதினொன்று, காற்று தனி.
பின்பெட்டியில் பட்டடைக்கல், குளம்பு சீவும் கத்திகள்,
அரங்கள், ஒரு டப்பா லாட ஆணி.
கிர்ச்னர் பண்ணையில் ஆறு குதிரைகள்
எனக்காகக் கட்டப்பட்டு நிற்கும்.
சாவியைத் திருப்பினேன்.
ஸ்டார்ட்டர் சுற்றியது, சுற்றியது,
பற்றவில்லை.

வடிகட்டியைக் கழற்றி
காப்பிக் குவளையில் டீசலைச் சாய்த்தேன்.
டார்ச் வெளிச்சத்தில் மினுமினுத்தது.
அழகாக இருந்தது, அதுதான் வயிற்றைக் கலக்கியது.
இருபத்தாறு வருஷம் அரம் பிடித்த கைக்கு
அது என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டாம்.
என் பூட்ஸில், சட்டை மடிப்பில்,
சில நாள் ரொட்டியில்கூட இருப்பது.
இங்கே மட்டும் இருக்கக் கூடாதது.

விழுந்த ஆணி பொறுக்கும் காந்தத்தைக்
குவளையின் பக்கம் வைத்தேன்.
மினுமினுப்பு மொத்தமும் ஓடிவந்து
அந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டது.

காஸ்பரில் டீலர் கடை.
பெயர்ப்பட்டையில் பிரெண்ட் என்றிருந்தவர்
திரையைப் பார்த்தபடியே சொன்னார்:
"டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறது.
உத்தரவாதத்தில் வராது, ஆஸ்ட்பி அம்மா.
பம்பு, எட்டு இன்ஜெக்டர், குழாய்கள், டேங்க் கழுவல்,
பதினோராயிரத்து நானூறு டாலர்."
குவளையை மேசையில் வைத்தேன், பக்கத்தில் காந்தத்தை.
காந்தத்திடம் ஓடிவரும் தண்ணீரை
நான் இதுவரை பார்த்ததில்லை என்றேன்.
"கம்பெனி விதி," என்றார், கொஞ்சம் தலை குனிந்து.
அவருக்கும் வீட்டில் யாராவது இருப்பார்கள்.
அதற்காகப் பதினோராயிரம் தர முடியாது.

கயிறு கட்டி இழுத்துப்போய்ச் சேர்ந்த இடம்
டோரிங்டனில் லீலண்ட் ப்ரட்வோல்டின் கொட்டகை.
அவர் பம்பைப் பிரித்து ஒரு துணியில் பரப்பினார்.
உருளை பக்கவாட்டில் திரும்பி
தன் தடத்தைத் தானே உழுதிருந்தது.
தேன் எடுக்கிறவன் புறங்கையை நக்காமல் இருப்பானா?
இந்தப் பம்பு அந்த நக்கலில்தான் உயிர் பிழைக்கிறது.
தனக்கென்று ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது,
சுமந்து போகும் டீசலே மசகு.
டீசல் வறண்டது, பம்பு இரும்பைத் தேய்த்தது.
தேய்ந்த தூளை விழுங்காமல்
பிள்ளைகளுக்கு ஊட்டுவது போல
எட்டு இன்ஜெக்டருக்கும் பங்கிட்டது.

"பம்பு செத்தது சின்ன விஷயம்," என்றார் லீலண்ட்.
"போகும்போது யாரையெல்லாம் கூட்டிப் போனது,
அதுதான் கணக்கு."
கணக்கு: ஏழாயிரம்.
என்னிடம் மூவாயிரத்து நூறு.

அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை.
அடுப்பில் விறகு ஒன்று சரிந்தது.
பின்பெட்டிப் பட்டடைக்கல்லைப் பார்த்துக் கேட்டார்:
"கோவேறு கழுதைக்கு லாடம் அடிப்பாயா?"
"அடிப்பேன். உதைத்தால் கூடுதல்."
"உதைக்கும்."

ஃபேன் பெல்ட் அட்டையின் பின்புறம் எழுதினோம்:
நான்கு கழுதை, ஏழு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு வருஷம்.
அவர் கையெழுத்து போட்டார்.
நான் கறுத்த விரலோடு போட்டதில்
பேரைவிடக் கறைதான் அதிகம்.

இப்போது ஏப்ரல். வண்டி ஓடுகிறது.
ஒவ்வொரு முறை டீசல் நிரப்பும்போதும்
மசகு மருந்து ஒரு மூடி ஊற்றுகிறேன்,
ஊற்றியதை இரண்டு முறை சரிபார்க்கிறேன்.
மாதம் ஒருமுறை, யாரும் பார்க்காத இடத்தில் நிறுத்தி
வடிகட்டியைத் திறந்து குவளையில் சாய்த்து
டார்ச் அடிக்கிறேன்.
ஒன்றுமில்லை. வெறும் டீசல்.
காந்தத்தை வைக்கிறேன். ஒன்றும் அசையவில்லை.
இன்னும் ஒரு நிமிஷம் வைத்திருக்கிறேன்.

டீக்கன் என்ற கழுதை நேற்று உதைத்தது,
இடது தொடையில் ஊதா நிறத்தில் ஒரு பிறை.
லீலண்ட் அட்டையில் ஒரு கோடு கிழித்தார்,
கூடுதலுக்கு இன்னொரு அரைக்கோடு.
ஐந்து வருகை பாக்கி.

குவளையை எத்தனை தரம் கழுவினாலும்
காப்பியில் டீசல் வாசம்.
குடிக்கிறேன்.