தூது போனவன்

நாரையைத் தூது விடுவார்கள், தென்றலை விடுவார்கள்.
ட்ரெகார்தன் என்னை விட்டார்.
முதுகில் எண் இல்லாத இளஞ்சிவப்புச் சட்டையும்
முழங்காலுக்கு ஒரு டப்பா தைலமும்
கிளப் கொடுத்தது.

அவர் மேலே, கூரைக்கடியில், கண்ணாடி அறைக்குள்.
பலகையில் பதினெட்டுக் காந்த வில்லைகள்,
ஒவ்வொன்றிலும் ஒருவன் பெயர்.
ஒரு வில்லையை அவர் இரண்டு விரற்கடை நகர்த்தினால்
கீழே மெல்பர்ன் மழையில்
நான் நூறு மீட்டர் ஓட வேண்டும்.

பெஞ்சில் சிவப்புத் தொலைபேசி.
எடுத்தால் காதுக்குள் எச்சில் தெறிக்கும்.
"அந்த லாக்லன் பைக்கிடம் போய்க் கேள்,
காவலுக்கு வந்தானா
கருமாதிக்கு வந்தானா என்று!"
நான் போய்ச் சொன்னேன்:
"லாக்லன், ரெண்டடி பின்னால நில்லு.
மத்தபடி நல்லா ஆடுற."

இப்படிப் பதினோரு குளிர்காலம்.
வசவையெல்லாம் செருப்பு மாதிரி
எல்லைக்கோட்டில் கழற்றிவிட்டு
விஷயத்தை மட்டும் உள்ளே கொண்டுபோனேன்.
சில நாள் விஷயமே இருக்காது.
தண்ணீர் புட்டியைக் கொடுத்து
தோளைத் தட்டிவிட்டுத் திரும்புவேன்.
மேலே அவர் பைனாகுலரை இறக்குவார்,
தன் பேச்சு பலித்துவிட்டதாக நினைத்து.
அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

ஐந்தாவது வருஷம் கோப்பை.
அந்த வாரம் பேக்கரிக்காரர் அவரிடம் காசு வாங்கவில்லை.
எட்டாவது வருஷம் அதே பேக்கரியில்
மீதிச் சில்லறையை மேசைமேல் வைத்தார்,
கையில் தரவில்லை.
பதினொன்றாவது வருஷம் தலைவர் பேட்டி கொடுத்தார்:
"பயிற்சியாளர் மேல் எங்களுக்கு முழு நம்பிக்கை."
மறுநாளே மார்கிட்
அட்டைப்பெட்டி சேர்க்கத் தொடங்கிவிட்டாள்.
பயிற்சியாளர் மனைவிக்கு
அந்த வாக்கியத்தின் அர்த்தம் தெரியும்.

கடைசி ஆட்டம். மூன்று புள்ளி பின்னால்.
நாற்பது வினாடி மீதி.
ஸ்டிபே மாருசிச், பத்தொன்பது வயது,
இரண்டு பேர் தோளுக்கு மேல் எழும்பிப் பந்தைப் பிடித்தான்.
இனி அவன் உதைக்கும்வரை யாரும் தொடக் கூடாது.
நேரே நான்கு கம்பங்கள், நாற்பத்தைந்து மீட்டர்.

தொலைபேசி அடித்தது.
முதலில் மூச்சு மட்டும்.
பிறகு, அவர் குரல்தானா என்று சந்தேகம் வரும் குரலில்:
"ஒண்ணும் சொல்லாதே.
சும்மா போய் அவன் பக்கத்துல நில்லு."

அந்த ஒரு தூதைத்தான்
எழுத்து மாறாமல் சேர்த்தேன்.
பையன் என்னைப் பார்த்தான்.
நான் புல்லைப் பார்த்தேன்.

நடுக் கம்பங்களுக்கு இடையே போனால் ஆறு.
பந்து வலது நடுக் கம்பத்தில், உயரத்தில் பட்டது.
டங்.
அதற்கு ஒன்று.

செவ்வாய்க்கிழமை காலை வேலை போயிற்று.

போன ஆகஸ்டில் போய்ப் பார்த்தேன்.
யாராபுல். கோதுமைக் குதிர்கள், ஒரு மதுக்கடை,
மைதானத்தைச் சுற்றி வட்டமாய் நிறுத்திய கார்கள்.
பெண்கள் அணிக்குப் பயிற்சி.
தூதுக்கு ஆளில்லை;
கோட்டோரம் தானே நடந்து தானே கத்துகிறார்.
அவர் சொல் உரிக்காத தேங்காயாய்
நேரே போய் விழுவதை அன்றுதான் கேட்டேன்.
பின்வரிசையில் ப்ரானியா என்றொருத்தி
நின்று திரும்பி, "அப்ப நீங்க வந்து ஆடுங்க!" என்றாள்.
யோசித்தார்.
"சரி, உன் இஷ்டப்படி நில்லு" என்றார்.

என் பக்கம் திரும்பாமல் கேட்டார்:
"நான் சொன்னதுல நீ எவ்வளவு சொன்னே?"
"பாதி."
"முதல் வருஷமே தெரியும்.
அதனாலதான் ரெட்டிப்பாக் கத்தினேன்."

பிறகு:
"அந்தப் பையன்?"
"ஜீலாங் பக்கம் கூரை வேலை. ரெண்டு பிள்ளைங்க."
"அன்னிக்கு ஏதாவது சொல்லியிருக்கணும்."
"யாரு, நீங்களா, நானா?"

ஒரு கார் ஹாரன் அடித்தது,
தொடர்ந்து வட்டம் முழுக்க.
எதிரணிக்குக் கோல்.
அவர் ஏற்கெனவே கோட்டைத் தாண்டிப் போய்
கத்திக்கொண்டிருந்தார்.