ஏழு புள்ளி நாலு

செவ்வாய்க்கிழமை பிள்ளைத்தாய்ச்சிகள் நாள்.
கொரடாச்சேரிக்குத் தெற்கே
வாய்க்காலைத் தாண்டிய ஆரம்ப சுகாதார நிலையத்தில்
விரல்நுனிகளைக் குத்துவது என் வேலை.

சந்தனமேரியின் மோதிரவிரல்
நடவுச் சேற்றில் ஊறி ஊறித்
தடித்துப்போயிருந்தது.
இரண்டாவது குத்தில்தான் துளி வந்தது.
சிவப்பு என்று சொல்லத் தயங்குகிற சிவப்பு.

ஏழு புள்ளி நாலு.

"பாஸா, சிஸ்டர்?"
"பதினொன்று வந்தால்தான் பாஸ்."

என்ன சாப்பிட்டாய் என்று கேட்கச் சொல்கிறது படிவம்.
காலையில் நீராகாரம்.
மதியம் சோறு, ரசம்.
ராத்திரி சோறு. "ரசம் மிஞ்சினா ரசம்."
பருப்பு, பால், முட்டை, கீரை, பழம்:
ஐந்து கட்டங்கள் காலியாகக் கிடந்தன
தண்ணீர் வராத வயல் மாதிரி.

"நண்டு பிடிப்பியே?"
"மருந்தடிச்ச வயலு சிஸ்டர்.
வயித்துல புள்ள இருக்கு."

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நிற்கும்போது
எண்ணியிருக்கிறேன்:
நாற்பத்திரண்டு பெட்டி,
அத்தனையும் நெல்.
அதில் எந்தப் பெட்டியின் எந்த மூட்டையில்
இவள் குனிந்து நட்ட முடி இருக்கிறதோ.

இரும்பா இல்லை இந்த ஊரில்?
போர்த் தண்ணீர் பிடித்த குடம்
ஒரே வாரத்தில் செங்காவி.
டிராக்டரின் கேஜ் வீல்
போகத்துக்குப் போகம் சேற்றில் தேய்கிறது.
அரிவாள் மெலிகிறது.
எல்லாம் அவளைச் சுற்றியே நிற்கிறது,
உள்ளே போக வழி தெரியாமல்.

மில்லில் இரண்டு பாலிஷ்.
தவிடு மாட்டுக்குப் போகிறது.
மாட்டின் கண் என்னமாய் மினுங்குகிறது!
வெயிலில் கிடைக்கிற சத்து ஒன்றுதான்
இவளிடம் உபரி.
கூலியில் பிடித்தமில்லாமல் வருவது அது.

மாத்திரை அட்டையை நீட்டினேன்.
"தின்னா கறுப்பாப் போவுது சிஸ்டர்.
போன அட்டைய ஆடு தின்னுடுச்சு.
ஆட்டுக்கு ஒண்ணும் ஆகல."

பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்,
போலீசுக்குச் சாட்சி கொண்டுவந்தவள் போல.
"ரேஷன் அரிசியில பிளாஸ்டிக் கலக்குறாங்க.
பாருங்க."
உள்ளங்கையில் பத்துப் பதினைந்து மணிகள்,
லேசாக மஞ்சள்.

நூறு அரிசிக்கு ஒன்று.
அந்த ஒன்றையும் தப்பவிடவில்லை
நெற்பயிரில் ஒளிந்த குதிரைவாலியைப்
பிடுங்கிப் பழகிய கண்.

"இதுதான் மேரி இரும்பு.
மாவாக்கி, சத்து சேர்த்து,
அரிசியாகத் திரும்ப வார்த்து அனுப்புகிறார்கள்."

அவள் அதை நெடுநேரம் பார்த்தாள்.
"நல்லதுன்னா
ஏன் அரிசி வேஷம் கட்டிக்கிட்டு வருது?"

என்னிடம் பதில் இல்லை.
அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

அன்று மாலை பெட்டியை மூடுமுன்
மிச்சமிருந்த ஒரு ஸ்ட்ரிப்பில்
என் விரலைக் குத்திக்கொண்டேன்.
ஒன்பது புள்ளி ஒன்று.
கூத்தாநல்லூரிலிருந்து காலை ஏழு மணி பஸ்.
டப்பாவில் வெள்ளைவெளேரென்று பொன்னி அரிசிச் சோறு.
கை கழுவிய ஈரம் காய்வதற்குள் ஒரு டீ.
என்ன சாப்பிட்டாய் ஷமீலா என்று
எந்தப் படிவமும் என்னைக் கேட்டதில்லை.

அடுத்த மாதம் சந்தனமேரி வந்தாள்.
வயிறு முன்னால், அவள் பின்னால்.
எட்டு புள்ளி ஒன்று.
"இப்பவும் ஃபெயிலுதானா?"
சிரித்தபடி பையிலிருந்து
பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்தாள்.
கால்வாசிக்கு மஞ்சள் மணிகள்.

"தெருவே பொறுக்கி எறியுது சிஸ்டர்.
வேஷக்கார அரிசி எனக்குன்னு சொல்லி
வீடு வீடாக் கேட்டு வாங்குறேன்."

அளவுக்கு மேல் வேண்டாம், மாத்திரை போதும்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் என் கையைப் பிடித்து
பாட்டிலைச் சாய்த்து
கொஞ்சம் கொட்டினாள்.

"உங்க முகமும்
வெளுத்துத்தான் கெடக்கு."