பீட்ரூட் நடுவில் இருக்கிறது

அகராதி கொடுத்த வாக்கியம்:
'வங்கிக்கும் தேவாலயத்துக்கும் நடுவில் வீடு இருக்கிறது.'
யார் வீடு, எந்த வங்கி?
நாலு நாளாக அந்த அட்டை வருகிறது,
நாலு நாளும் 'மறந்தேன்' என்று அழுத்துகிறேன்.
ட்ஸ்விஷன், ட்ஸ்விஷன்.
நடுவில் என்று பொருளாம்.
எனக்குக் கொசு பேட்டில் கொசு பொரிகிற சத்தம்.

ஐந்தாம் நாள் டியூட்டி முடிந்து
அஸ்தம்பட்டியில் தட்டுவடை செட்டு தின்னும்போது
விரலிடுக்கில் சிவப்புச் சாறு வழிந்தது.
அங்கேயே நின்று, இடது கையால் போனை எடுத்து
வீட்டை இடித்தேன், வங்கியை மூடினேன்.
'இரண்டு தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட் இருக்கிறது.'
அதன் பிறகு அந்தச் சொல்
போ என்றாலும் போகவில்லை.

"பரீட்சையில் பீட்ரூட் வராது பூங்கோதை"
என்றாள் செலின், கட்டிலில் கவிழ்ந்தபடி.
ஐ.சி.யூ.வில் வேலை அவளுக்கு,
ஜெர்மனில் என்னைவிட இரண்டு பாடம் முன்னால்.
ஆனால் அன்றிரவே அவளும்
தன் அட்டைகளைத் திறந்துகொண்டு உட்கார்ந்தாள்.

நரம்பு தேடுவது மாதிரிதான் அது.
கிடைத்த இடத்தில் குத்தக் கூடாது.
தட்டிப் பார்த்து, தடவிப் பார்த்து,
ஊசி நிற்கிற இடம் எது என்று விரலுக்குத் தெரியவேண்டும்.
ஒரு வாக்கியத்தில் ஒரே ஒரு தெரியாத சொல்;
இரண்டு இருந்தால்
இரண்டும் கைகோத்துக்கொண்டு ஓடிவிடும்.
'அவன் கோடிட்ட இடம் வாங்கினான்' என்பது
ஏமாற்றுக்கார வாக்கியம்.
பால் வாங்கலாம், பஸ் வாங்கலாம், வம்பு வாங்கலாம்.
'கோடிட்ட இடம் இல்லாமல் ஏற்காட்டில் இறங்கினேன்,
தலையோடு கால் நனைந்தேன்.'
இங்கே குடையைத் தவிர எவரும் உட்கார முடியாது.

நனைந்தது நிஜம்.
இருபது கொண்டை ஊசி வளைவும் வாந்தியை அடக்கிக்கொண்டு வந்ததில்
குடையை பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன்.
ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜிக்கடைத் தார்ப்பாயின் கீழ்
ஒரு மணி நேரம்.
செலின் என்னைத் திட்டினாள்,
முதலில் தமிழில், பிறகு
தெரிந்த அளவு ஜெர்மனில்.
தெரிந்த அளவு தீர்ந்ததும் சிரித்தாள்.

இன்னொரு அட்டை:
'செலின் மாடியில் துணி காயப்போடுகிறாள்.'
அந்த வினைச்சொல் பிரிகிற சாதி.
ஹெங்ட் நடுவில் நிற்கும்,
ஆஃப் தனியாகக் கழன்று
வாக்கியத்தின் கடைசியில் போய் நிற்கும்.
ஜன்னல் வழியே பார்த்து எழுதியது,
அவள் வாயில் இரண்டு கிளிப்,
பின்னால் சேர்வராயன் மலை பாதி மேகத்தில்.

பிப்ரவரியில் அவள் பாஸ். மேயில் காஸல் நகரம்.
கட்டிலை வார்டன் வேறொரு பெண்ணுக்குக் கொடுத்தார்.
அவள் ஜப்பானியம் படிக்கிறாள்,
அதிகம் பேசுவதில்லை.

மென்பொருளுக்கு இதெல்லாம் தெரியாது.
பத்து நாள், இருபத்து நாலு நாள், இரண்டு மாதம் என்று
கணக்குப் பார்த்து அனுப்புகிறது.
முந்தாநாள் மறுபடியும் வந்தாள்.
காயப்போடுகிறாள். நிகழ்காலம்.
திருத்தலாம் என்றால்
இறந்தகாலம் ஒன்பதாம் பாடம்,
நான் இன்னும் ஏழில் இருக்கிறேன்.

வாட்ஸப்பில் கேட்டேன்:
உன் அட்டையில் நான் எங்காவது இருக்கிறேனா?
விடிகாலையில் ஒரு படம் வந்திருந்தது.
'பூங்கோதை எப்போதும் குடையை மறக்கிறாள்.'
கீழே அவள் எழுதியிருந்தாள்:
மறப்பது என்ற சொல்லுக்கு வைத்தது,
ஒருமுறைகூட மறந்ததில்லை,
இனி பதினான்கு மாதம் கழித்துத்தான் வருவாய்.

இன்று காலை என்னுடைய அட்டையை
மறுபடி நானே தேடி எடுத்தேன்.
சொல் தெரியும். பிரியும் இடமும் தெரியும்.
சுலபம் என்றால் ஐந்து மாதம்,
சரி என்றால் மூன்று.
மறந்தேன் என்றால் பத்து நிமிடம்.

மறந்தேன் என்று அழுத்திவிட்டு
பல் துலக்கப் போனேன்.