வலி இல்லை

பெருந்துறை சிப்காட். சித்திரை ஒன்பது.
மார்கழியில் கல்லாய்க் கிடந்த பீப்பாய்
வெந்நீர்த் தொட்டியில் இறக்காமலே தளும்புகிறது.
நாற்பதரை டிகிரியில் இளகுமாம் பீனால்.
தகரக் கூரைக்குக் கீழே அது சாதாரண மத்தியானம்.

வெள்ளைப் படிகம். மூடி லூசாக இருந்தால்
காற்றுப் பட்டு ரோசாவாகும்,
நோம்பிக் கடைப் பஞ்சு மிட்டாய்போல.
மணத்திலும் ஒரு தித்திப்பு.

மற்ற திராவகம் சுடும், கை தானாக விலகும்.
இது தொட்ட இடத்தை முதலில் மரக்க வைக்கும்.
கன்னம் வைக்குமுன்
நாய்க்குச் சோறு போடுகிற திருடன்.

துரியோதன் நாயக் வால்வைத் திருகும்போது
கையுறைக்கும் சட்டைக்கும் நடுவே
நாலு விரலகலம் தெறித்தது.
"வலிக்குதா?"
"இல்லீங்" என்றான்,
பாலாங்கீரிலிருந்து வந்த வாய்
நம்ம ஊர் 'ங்'கைப் பிடித்துக்கொண்ட பெருமையில் சிரித்து.
அந்தச் சிரிப்பில்தான் எனக்கு அடிவயிறு கலங்கியது.
முழங்கைக்குக் கீழே தோல் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

சட்டையைக் கிழிடா. ஷவரை முழுசாத் தொற.
சொம்புத் தண்ணி ஆகாது,
கொஞ்ச நீரில் அது இன்னும் அகலமாய்ப் பரவி உள்ளே போகும்.
அருவியாய்க் கொட்டணும், கால்மணி நேரம்.
பிறகு பாலிஎத்திலீன் கிளைக்கால், புதுத் துணி,
துடை, துணியை வீசு, வேறு துணி, துடை.
என் கையில் ப்யூட்டைல் ரப்பர்;
அது இல்லாமல் தொட்டிருந்தால் இரண்டு பேர்.
ஆம்புலன்ஸில் மானிட்டர்
அவன் நெஞ்சை எண்ணிக்கொண்டே போனது.

பத்தாம் நாள் வந்தான், கட்டுப் போட்ட கையோடு.
"இப்ப வலிக்குதுங்" என்றான்.
எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

விபத்துப் பதிவேட்டில்
ஷிப்ட் எழுத்தர் எழுதியிருந்தது: வலி இல்லை.
அதை நான் அடிக்கவில்லை.
கீழே சிவப்பில் ஒரு கோடு போட்டேன்.