பென்சில் காற்புள்ளி

நீண்ட சுரத்தை எவனும் தனியே தாங்குவதில்லை.
முதல் ஒத்திகையிலேயே
மிஸ் டி ஹூட் எங்களுக்குக் காட்டித்தந்த களவு அது:
பக்கத்தில் நிற்பவன் பாடும்போது நீ மூச்சை எடு,
நீ பாடும்போது அவன் எடுக்கட்டும்.
சபைக்குக் கேட்கவேண்டியது
அறாத ஒரு இழை மட்டும்.

இருபத்திரண்டு வருடம் என் பக்கத்தில் நின்றவன்
பொனிஃபஸ் ஜேசுரட்ணம்.
துறைமுகக் கந்தோரில் சரக்குப் பட்டியல் எழுதுபவன்.
டெனர், இரண்டாம் வரிசை, இடமிருந்து நான்காவது.
அவன் தாளில் அவன் மூச்சு
பென்சிலில், காற்புள்ளியாக.
என் தாளில் என்னுடையது, இரண்டு சுரம் தள்ளி.
அதிகம் பேசிக்கொண்டதில்லை.
அவன் மனைவி பெயர் மெட்டில்டா என்று
பத்தாவது வருடம்தான் தெரியும்;
அவன் விலா எப்போது விரியும் என்பது
முதல் மழைக்காலத்திலேயே தெரியும்.

தொண்ணூற்றாறில் ஒருநாள்
மருதானைச் சென்றியில் பஸ்ஸை நிறுத்தி இறக்கினார்கள்.
அடையாள அட்டை. பிறகு பை. பிறகு தாள்கள்.
லத்தீன் வரிகளைத் தாண்டி
டோர்ச் வெளிச்சம் காற்புள்ளிகளில் வந்து நின்றது.
மேக்க மொக்கத்த?
மூச்சு, என்றான் பொனிஃபஸ்.
எந்த மூச்சு?
எடுக்கவேண்டிய இடம், சேர்.
அந்தப் பொடியன் தாளைத்
தலைகீழாகவும் ஒருமுறை பார்த்தான்.
இரண்டு மணித்தியாலம் சுவரோடு நின்றோம்.
அவன் மூச்செடுத்தபோது நான் எடுக்கவில்லை.
பழக்கம்தான்.

பிறகு ஒரு தவக்காலம்.
வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய டெனருக்கு விசா இழுபட்டது.
மிஸ் டி ஹூட் எங்கள் வரிசையைப் பார்த்து
விரலை நீட்டாமல், கண்ணாடியைக் கழற்றினார்.
முன்னுக்கு இரண்டு அடி,
அவ்வளவுதான் அவன் போன தூரம்.
கோட்டு பல் வைத்தியருடையது, தோளில் பெரிது.
பாத்திரம் சுவிசேஷகன்:
எல்லார் வேதனையையும் சொல்பவன்,
கதைக்குள் இல்லாதவன்.

உச்ச ஏ சுரத்தில் மின்விசிறிகளைக்கூட நிறுத்தியிருந்தார்கள்.
கறுவாத்தோட்டத்துச் சனம் வியர்த்தபடி இருந்தது.
அப்போதுதான் முதன்முதலாக
அவன் மூச்சை என் காதால் கேட்டேன்.
மறைக்க ஆளில்லாத மூச்சு,
ஈரத் துணியை உதறினாற்போல.
பின்னால் நின்ற நான்
அவனுக்காக எடுத்த மூச்சு
எனக்குள்ளேயே கிடந்தது.

அதற்குப்பின் மஸ்கட், பம்பாய்,
ஒரு டிசம்பர் முழுக்க சிங்கப்பூர் ஹோட்டல்.
ஞாயிறு இதழில் படம், பேரை மட்டும் பிழையாகப் போட்டு.
கந்தோரை விட்டான். சொந்தமாகக் கோட்டுத் தைத்தான்.
நான்காவது இடத்துக்கு ஒரு வங்கிப் பொடியன் வந்தான்,
நல்ல குரல்,
நான் எடுக்கும் இடத்திலேயே தானும் எடுப்பான்.
எங்கள் வரிசையில் அடிக்கடி ஓட்டை விழுந்தது.

குரல் ஒரேநாளில் போவதில்லை.
முதலில் அந்த ஏ, கேட்டால் மட்டும் வந்தது.
பிறகு கேட்டாலும் யோசித்தது.
பிறகு அழைப்புகள் கலியாணங்களாகின,
கலியாணங்கள் கனத்தைச் சேமக்காலைப் பூசைகளாகின,
அங்கே செத்தவர் குறை சொல்வதில்லை என்று
அவனே சிரித்துச் சொன்னானாம்.

போன செவ்வாய், கொட்டும் மழையில்,
குடையும் ஒரு பை மாலு பணிசுமாக
ஒத்திகைக்கு வந்து நின்றான்.
யாரும் கை தட்டவில்லை.
வங்கிப் பொடியன் ஒரு கதிரை தள்ளினான்.
பழைய தாள், பழைய காற்புள்ளிகள்,
நடுவில் புதியவை, நெருக்கமாக.
என் தாளும் அப்படித்தான்.

கடைசிப் பக்கத்து நீண்ட சுரத்தில்
இருவரும் ஒரே நேரத்தில் மூச்செடுத்துவிட்டோம்.
துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது, சுதி குறைந்து.
இழை அறவில்லை.
பொடியன் தாங்கிக்கொண்டிருந்தான்.

பிளேன்ரீ குடிக்கும்போதுதான்
அவன் பெயரைக் கேட்டேன்.