மூன்றாவது விதைப்பு

ஊரின் பெயர் சுவைக்.
கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தவர்கள்
அந்தப் பெயருக்குச் சிரிக்க மாட்டார்கள்.

கல்ஃபானின் தகப்பனுக்குப் பதினைந்து ஏக்கர், ஒரு கிணறு,
பேரீச்சை, நடுவில் ஆட்டுக்குக் கொஞ்சம் குதிரைமசால்.
அவர் போனபிறகு ஐந்து மகன்கள்,
ஐந்து கம்பிவேலி, ஐந்து மோட்டார்.
அடியில் இருக்கும் தண்ணீருக்கு மட்டும்
பாகப்பிரிவினை தெரியவில்லை.
பங்குக்குக் கடலும் வந்துவிட்டது.

மூன்று ஏக்கர் கல்ஃபான் பெயரில்.
பயிர் வைப்பது நானும் ரொஃபிக்கும்.
வருஷக் குத்தகை எண்ணூறு ரியால்:
ஒருமுறை விதைத்தாலும் எண்ணூறு,
மூன்றுமுறை விதைத்தாலும் எண்ணூறு.

கோப்போடு ஒருவர் வந்தார்.
"மண்ணை ஏன் ஆறப்போடுவதில்லை?"
பதிலுக்கு நான்கு கட்டங்கள் வைத்திருந்தார்.
லாபம் என்று ஒன்று, அறியாமை என்று ஒன்று,
மற்ற இரண்டும் என் கண்ணுக்கு எட்டவில்லை.
பக்கத்து வேலி என்று ஒரு கட்டம் போடுங்கள் என்றேன்.
பேனாவை மூடிவிட்டு டீ குடித்தார்.

அவருக்குச் சொல்லாதது:
குல் ஜமான் கடன் வாங்கி இரண்டு பசுமைக்குடில் போட்டான்.
வெள்ளரிக்காய் பெட்டி
எழுநூறு பைசாவிலிருந்து நானூறுக்கு இறங்கியது.
இறங்கினால் குறைத்துப் போட வேண்டும் என்பது
சம்பளக்காரன் புத்தி.
நாங்களும் கடன் வாங்கினோம்,
கூட்டிப் போட்டோம்.
பெட்டி முந்நூற்றி இருபது.

ஜூனில் கல்ஃபான் வந்தார்.
குழாயில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார்,
துப்பவில்லை.
பாத்தி ஓரம் பொரிந்திருந்த வெள்ளையைச்
செருப்பு நுனியால் தேய்த்தார்.
"இந்த வருஷம் இது போதும். தூங்கட்டும்."

வேண்டாம் அர்பாப் என்றது நான்தான்.
குடிலுக்குத் தவணை, விசா அடிக்கக் காசு,
ரொஃபிக்கின் தங்கைக்கு ஆகஸ்டில் நிக்காஹ்.
மண் தூங்கலாம்,
தவணை தூங்குமா?
அவர் ஒன்றும் பேசவில்லை.
அவருக்கும் கார் கடன் இருந்தது.
மறுநாள் விதைப் பாக்கெட்டோடு அவரே வந்தார்,
உப்பைத் தாங்கும் ரகமாம்,
விலை ஒன்றரை மடங்கு.

நாலு மணிக்கு எழுந்து மோட்டார் போடுவேன்,
மற்ற நாலு பேருக்கும் முன்னால்
கொஞ்சம் நல்ல தண்ணீர் ஏறும் என்று.
நேற்று மூன்றரைக்கே எழுந்துவிட்டேன்.

வேலிக்கு அந்தப்பக்கம்
ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.