ஒன்பதாம் உறை

செசில் தெரு, இருபத்து மூன்றாம் மாடி.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
எட்டு இயக்குநர்கள், ஒரு வழக்கறிஞர்,
யாரும் தொடாத கரிப்பாப் தட்டு.
இந்தப் பக்கம், அச்சுப்பொறி வைத்த சிற்றறையில்
நானும் என் உறைகளும்.

காலை ஒன்பது மணிக்கு
அவர்களின் துவாஸ் கிடங்கில் தீ வைத்தேன்.
காகிதத்தில்தான்.
முதல் உறையில் புகை.
மூன்றாவதில் யாரோ கைப்பேசியில் எடுத்த காணொளி.
ஐந்தில் ஒரு நிருபர்,
ஏழில் பங்கு விலை.
முப்பத்தொரு வருடம்
கத்தியை நோக்கி, தாழிட்ட கதவை நோக்கி
ஓடியதற்குச் சம்பளம் தந்தார்கள்.
இப்போது ஆபத்தை மணிக்கணக்கில் விற்கிறேன்,
ஜிஎஸ்டி தனி.
"அப்போ அணைச்சே, இப்போ கொளுத்துறே" என்பான்
கமாருதீன். அவனும் என் பேட்ச்தான்,
புக்கிட் தீமா கோண்டோ ஒன்றில்
இரவுக் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறான்.

ஒன்பதாம் உறையில் ஒரே வரி:
இறந்தவரின் மனைவி தொலைபேசியில்.
ஒரு நடிகையை வைத்துக்கொள்ளலாம், செலவு பெரிதில்லை என்றார்
என் கூட்டாளி கோ லே செங்.
வேண்டாம் என்றுவிட்டேன்.
ஐந்தடி பதினொன்று, நரைத்த மீசை,
இடது முழங்காலில் உலோகத் தகடு.
இதுவரை பதினாறு நிறுவனங்களுக்கு
நான்தான் விதவை.

நடிகை என்றால் அலறுவாள்.
அலறலுக்கு அவர்கள் தயாராகத்தான் வருகிறார்கள்,
அதற்கு ஒரு பக்கம் நானே எழுதித் தந்திருக்கிறேன்:
குரலைத் தாழ்த்துக. பெயரைச் சொல்க.
மௌனத்தை நிரப்ப வேண்டாம்.

தொண்ணூற்றாறில், பிடோக் நார்த்தில்,
பத்தாம் மாடி வீடு.
லிஃப்ட் ஒன்பதில்தான் நிற்கும்.
தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
மிச்ச மாடியைப் படியில் ஏறினேன்.
ஏறும்போதே வாக்கியத்தை அடுக்கினேன்,
மேலே போனதும் எல்லாம் கலைந்துவிட்டது.
கம்பிக் கதவுக்கு உள்ளே நின்ற தனபாக்கியம்
நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடவில்லை.
அழவும் இல்லை.
"குடை அவர் கையில இருந்துச்சா?"
என்று கேட்டார்.
அன்று மழையே இல்லை.
தெரியவில்லை என்றேன். விசாரிக்கிறேன் என்றேன்.
பாக்கெட் நோட்டில் எழுதவும் செய்தேன்: குடை.
யாரும் விசாரிக்கவில்லை.
யாரும் என்றால், நான்.

அதனால் ஒன்பதாம் உறை வந்ததும்
அடுத்த அறையிலிருந்து எண்ணை அழுத்தி
அதையே கேட்கிறேன்,
எல்லா நிறுவனத்திடமும்.
ஒருவர் தாள்களைப் புரட்டித் தேடினார், குடை எங்கும் இல்லை.
ஒருவர் ஆழ்ந்த அனுதாபத்தை இரண்டு முறை வாசித்தார்.
ஒரு வழக்கறிஞர் ஓரத்தில் எழுதியது
பிறகு குப்பைத்தாளில் கிடைத்தது:
'குடை — நமது பொறுப்பா?'

இன்று எடுத்தது இயக்குநர் இல்லை.
தொலைபேசி அருகே இருந்ததால்
ஹஃபீஸா எடுத்துவிட்டார், கிடங்கின்
இரவு மேற்பார்வையாளர், வராத யாருக்கோ பதிலாக வந்தவர்.
"குடை அவர் கையில் இருந்ததா?"
"என்ன நிறம்?"
என்று கேட்டார்.

எந்த உறையிலும் அது இல்லை.
இருபத்தெட்டு வருடமாக என்னிடமும் இல்லை.
அந்த வாசலில் நின்று
நான் கேட்டிருக்க வேண்டிய இரண்டே சொல்.
கண்ணாடிக்கு அப்பால் யாரோ கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்,
வழக்கறிஞர் கையை அசைத்து நிறுத்தச் சொல்கிறார்.
ஹஃபீஸா காத்திருந்தார்.
நான் எழுதிய பக்கத்தை அவருக்கு
யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

"நீலம்" என்றேன்,
எங்கிருந்து வந்ததோ.
"கைப்பிடி மட்டும் மரம்."

மறுமுனையில்
பேனா தாளில் உரசும் சத்தம்.
பத்தாம் உறை
நேரம் கடந்தும்
என் கையிலேயே இருந்தது.